நோம் நகரத்துக் கண்ணாடி ஸ்லைடுகள்: பெட்டிமேல் 1899, பெட்டிக்குள் வேறு

சியாட்டிலில் பழம்பொருள் விற்கும் ஒரு கடையிலிருந்து சென்ற வசந்த காலத்தில் 24 கண்ணாடி ஸ்லைடுகள் கொண்ட ஒரு மரப்பெட்டியை 420 டாலர் கொடுத்து வாங்கினேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகளைச் சொல்லாமலும் விடப்போவதில்லை. விற்பனை விளம்பரத்தில் “நோம், அலாஸ்கா, தங்க வேட்டை, 1899, கையால் வண்ணம் தீட்டிய அசல் ஸ்லைடுகள்” என்று இருந்தது. பெட்டியின் மூடியிலும் அதே ஆண்டு, யாரோ பிற்காலத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியதாக இருந்தது. ஸ்லைடுகள் அசல்தான், நோம் நகரமும் சரிதான். ஆண்டு தவறு, பல படங்களுக்குக் கொடுத்த விளக்கமும் தவறு. ஆனாலும் வாங்கியதற்காக வருந்தவில்லை. ஏன் என்பதைச் சொல்வதற்கே இந்த மதிப்புரை.

ஊர்த் தியேட்டரில் படம் தொடங்குமுன் “புகை பிடிக்காதீர்கள்” என்றும், உள்ளூர் நகைக்கடையின் விலாசமாகவும் திரையில் விழுந்த கண்ணாடி ஸ்லைடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொருளை அதிகம் விளக்க வேண்டியதில்லை. படம் பதிந்த ஒரு கண்ணாடி, அதன்மேல் சன்னல் போல் வெட்டிய கறுப்புத் தாள், அதற்கு மேல் ஒரு காப்புக் கண்ணாடி, நான்கு விளிம்புகளையும் சேர்த்து ஒட்டிய காகித நாடா: இவ்வளவுதான் ஒரு ஸ்லைடு. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த லாங்கன்ஹைம் சகோதரர்கள் 1850இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதற்குப் பின் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பள்ளிக்கூடம், தேவாலயம், சொற்பொழிவு மன்றம் எல்லாவற்றிலும் மாய விளக்கு என்ற படம் காட்டும் கருவியில் இந்தக் கண்ணாடிகள்தான் ஓடின. அமெரிக்க ஸ்லைடின் அளவு 3¼ × 4 அங்குலம். பிரிட்டிஷ் ஸ்லைடு 3¼ அங்குலச் சதுரம். என் பெட்டியில் உள்ளவை அனைத்தும் அமெரிக்க அளவு. இருபத்து நான்கையும் சேர்த்துத் தூக்கினால் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கிறது என்பதை வாங்க நினைப்பவர்கள் தபால் செலவைக் கணக்கிடும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வந்து சேர்ந்த கதையை முடித்துவிடுகிறேன். பெட்டிக்குள் ஸ்லைடுகள் நிற்பதற்கென்று வெட்டிய பள்ளங்கள் இருந்தும், கடைக்காரர் அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றி, படுக்கவைத்து அனுப்பியிருந்தார். கண்ணாடியைப் படுக்கவைத்து அடுக்கக் கூடாது, நிறுத்தித்தான் வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஒன்றின் காப்புக் கண்ணாடி மூலைக்கு மூலை கீறிவிட்டது. படம் பதிந்த கண்ணாடிக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. வேறு காப்புக் கண்ணாடி போட்டு நாடா ஒட்டிக்கொள்ளலாம். எழுதிக் கேட்டதும் 25 டாலர் திருப்பிக் கொடுத்தார், வாதாடவில்லை.

கூடவே வந்த பென் டிரைவில் இருந்த ஸ்கேன் படங்களால் பயன் குறைவு. ஸ்கேன் செய்த கடைக்காரர் அழகுக்காகக் கறுப்புத் தாளின் ஓரத்தையும் நாடாவையும் அதில் ஒட்டியிருந்த சீட்டையும் வெட்டி எறிந்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்திருக்கிறார். ஸ்லைடு எங்கிருந்து வந்தது, எத்தனையாவது, யார் காட்டியது என்பதெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. என் ஸ்லைடுகளின் நாடாவில் 3, 7, 8, 12 என்று தொடங்கி 61 வரை எண்கள் மையால் எழுதப்பட்டிருக்கின்றன. அதாவது ஒரு சொற்பொழிவாளர் வரிசையாகக் காட்டிய 60க்கும் மேற்பட்ட படங்களில் எஞ்சியவை இந்த 24. கடைக்காரர் “முழுத் தொகுப்பு” என்று எழுதியிருந்தார். தான் வெட்டி எறிந்த ஓரத்தைப் படித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

ஒரு ஸ்லைடை அவர் இடவலமாக மாற்றியே ஸ்கேன் செய்திருந்தார். பழைய ஸ்லைடுகளில் பெரும்பாலும் ஒரு மூலையில் சிறு வெள்ளைப் பொட்டு இருக்கும். படம் நேராகத் தெரியும்படி கையில் பிடித்தால் அந்தப் பொட்டு இடது கீழ் மூலையில் வர வேண்டும். விளக்கில் போடும்போது தலைகீழாகத் திருப்புவதால் அது வலது மேல் மூலைக்குப் போய், இயக்குபவரின் வலது கட்டைவிரல் படும் இடத்தில் அமையும். இருட்டில் வேலை செய்பவருக்கான ஏற்பாடு இது. என் பெட்டியில் ஒரு தெருக்காட்சி மட்டும் பொட்டை நம்பிப் பிடித்தால் கடைப் பலகைகளில் உள்ள எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்தது போல் புரண்டு தெரிகிறது. எப்போதோ நாடா பிரிந்து, யாரோ திரும்ப ஒட்டும்போது கறுப்புத் தாளைத் திருப்பி வைத்துவிட்டார்கள் போலும். கடைக்காரர் பொட்டை மட்டும் பார்த்தார், பலகையைப் படிக்கவில்லை.

அந்தத் தெருக்காட்சிதான் 1899 என்ற ஆண்டையும் கவிழ்த்தது. நோம் நகரத்தின் ஃப்ரண்ட் ஸ்ட்ரீட், இரு பக்கமும் மரக் கட்டடங்கள், பலகை பாவிய நடைபாதை, தொலைவில் கூரைகளுக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒரு தேவாலயக் கோபுரம். அது புனித யோசேப்பு கத்தோலிக்கத் தேவாலயம், கட்டியது 1901இல். அதன் கோபுர உச்சியில் மின்விளக்குச் சிலுவை ஒன்று எரிந்தது, குளிர்காலத்தில் தூந்திரா எனும் உறைபனிச் சமவெளியில் நாய்வண்டியில் வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் ஊரைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே படம் 1901க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. இன்னொரு ஸ்லைடில் அதே தெருவில் கூட்டம் இரு பக்கமும் திரண்டிருக்க, நடுவில் ஒரு நாய்வண்டி வருகிறது. சீட்டில் “ஸ்வீப்ஸ்டேக்ஸ்” என்று எழுதியிருக்கிறது. நோமிலிருந்து கேண்டில் என்ற ஊருக்குப் போய்த் திரும்பும் 408 மைல் “ஸ்வீப்ஸ்டேக்ஸ்” நாய்வண்டிப் பந்தயம் 1908இல்தான் தொடங்கியது. மூடியில் எழுதிய ஆண்டுக்கும் இந்தப் படத்துக்கும் குறைந்தது ஒன்பது ஆண்டு இடைவெளி.

தவறான சீட்டு என்பது நோமுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஊரின் பெயருக்கே பலரும் சொல்லும் விளக்கம், கடல் வரைபடத்தில் ஒரு முனைக்கு அருகே “? Name” (பெயர்?) என்று ஆங்கிலத்தில் குறித்து வைத்ததைப் படியெடுத்தவர் “நோம் முனை” என்று படித்துவிட்டார் என்பது. 1898இல் நோமுக்கு அருகே ஆன்வில் ஓடையில் தங்கம் கண்டவர்கள் “மூன்று அதிர்ஷ்டக்கார ஸ்வீடன்காரர்கள்” என்று புகழ்பெற்றார்கள். அவர்களில் யாஃபெட் லிண்டெபெர்க் நார்வேக்காரர். படம் எடுத்தவர்களின் பெயர் விஷயத்திலும் இதே குழப்பம். நோமில் ஃபிராங்க் நோவெல், பெவர்லி டாப்ஸ் ஆகிய இருவரும் 1900களின் தொடக்கத்தில் தொழில் செய்தார்கள்; பின்னர் லோமன் சகோதரர்கள் அவர்களுடைய நெகட்டிவ்களை வாங்கித் தங்கள் பெயரில் அச்சிட்டு விற்றார்கள். எனவே படத்தின் மூலையில் லோமன் என்று இருந்தால் லோமன் எடுத்ததென்று பொருளில்லை. என் பெட்டியில் மூன்று ஸ்லைடுகளில் அந்தப் பெயர் இருக்கிறது, கடைக்காரர் அதற்காக விலையைக் கூட்டியும் இருந்தார். நான் அதற்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுத்திருக்க மாட்டேன்.

இனி படங்களுக்கு வருகிறேன். நோம் பெரிங் கடலின் நார்ட்டன் விரிகுடாக் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. அமெரிக்காவின் சாலை வலையமைப்போடு அது இன்றுவரை இணையவில்லை. தங்கச் செய்தி பரவியதும் 1900 கோடையில் சியாட்டிலிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் போய் இறங்கினார்கள். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் 12,488 பேர். 1920 கணக்கில் 852 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட வாழ்க்கையைத்தான் ஸ்லைடுகள் காட்டுகின்றன. தங்க வேட்டை என்ற சொல் அதில் பாதியைக்கூடச் சொல்வதில்லை.

தங்கம் உள்ள படங்கள் நான்குதான். கடற்கரை மணலில் “ராக்கர்” எனப்படும் மரத்தொட்டிலை ஆட்டி மண்ணை அரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மண்ணைக் கொட்ட, ஒருவர் தண்ணீர் ஊற்ற, ஒருவர் ஆட்ட. நகைக்கடைத் தெருவில் சாக்கடை மண்ணை அரித்துப் பொன்துகள் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறவர்களுக்கு அந்தக் குனிந்த முதுகு புதிதாக இராது. அலை ஏறி இறங்கும் மணலை யாரும் பட்டா போட முடியாது என்பதால் 1899இல் கையில் காசில்லாதவனும் அங்கே தோண்ட முடிந்தது. 1900 செப்டம்பரில் அடித்த புயல் கரையோரக் கூடாரங்களைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனது. நான்கு படங்களிலும் இதே மண் அரிக்கும் காட்சிதான். பொதுத் தொகுப்புகளில் இவற்றைவிடத் தெளிவானவை கிடைக்கின்றன, ஆகவே இவற்றுக்காக மட்டும் யாரும் பெட்டியை வாங்க வேண்டியதில்லை.

நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது 8 என்று எண்ணிட்ட ஸ்லைடு. அந்நாளில் நோமுக்குத் துறைமுகம் கிடையாது. கடல் ஆழமற்றது, கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும், ஆட்களையும் சரக்கையும் தூத்துக்குடியில் தோணி என்று சொல்வது போன்ற தட்டையான படகுகளில் மாற்றிக் கரை சேர்க்க வேண்டும். இந்தப் படத்தில் அப்படியொரு படகு கடைசி அலையில் மணலைத் தட்டி நிற்கிறது. தொடையளவு பூட்ஸ் அணிந்த ஒரு தொழிலாளி தண்ணீரில் நின்றுகொண்டு, நீளப் பாவாடையும் பூ வைத்த தொப்பியும் அணிந்த ஒரு பெண்ணை முதுகில் சுமந்து கரைக்குக் கொண்டுவருகிறார். அவள் ஒரு கையால் அவர் கழுத்தைப் பிடித்திருக்கிறாள், மறு கையில் ஒரு கூண்டு. முதலில் அதைப் பெட்டி என்று நினைத்தேன்; லைட் பேட் எனும் ஒளிரும் தட்டின் மேல் வைத்து எட்டு மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியால் பார்த்தபோதுதான் கம்பிகள் தெரிந்தன. உள்ளே பறவை இருக்கிறதா என்று எவ்வளவு பார்த்தும் சொல்ல முடியவில்லை. வண்ணம் தீட்டியவர் அவள் தொப்பிப் பூவுக்குச் சிவப்பு வைத்திருக்கிறார், தூரிகை கோட்டைத் தாண்டி வழிந்து அவள் காதும் சிவந்துவிட்டது. ஸ்கேனில் இது எதுவும் தெரியவில்லை. கூண்டு ஒரு கறுப்புத் திட்டு, காது ஒரு சிவப்புத் திட்டு. நல்ல கண்ணாடி ஸ்லைடில் உள்ள நுணுக்கம் காகிதப் பிரதியிலோ சாதாரண ஸ்கேனிலோ வருவதில்லை என்று பலரும் சொல்வதை எனக்கு நிரூபித்தது இந்த ஒரு படம்.

வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதினொரு ஸ்லைடுகளில் வண்ணம் இருக்கிறது, விளம்பரத்தைப் படித்தால் எல்லாவற்றிலும் இருப்பதாகத் தோன்றும். ஒளி ஊடுருவும் அனிலின் சாயத்தை மெல்லிய தூரிகையால் பூசியது இது. வானத்து நீலம் மேலே அடர்ந்து கீழே கரைந்து போகும்படி அழகாக வந்திருக்கிறது. ஆனால் தீட்டியவர் நோமைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை: தூந்திராவில் மரமே கிடையாது, அவரோ ஒரு குன்றின் அடிவாரத்தில் பாசியும் குத்துச்செடியும் உள்ள இடத்துக்குத் தோப்பு போல் கரும்பச்சை பூசியிருக்கிறார். இன்னும் இரண்டில் ஓரங்களில் வெள்ளி பூத்து, சாய்த்துப் பார்த்தால் நீலமாக மினுங்குகிறது. ஜெலட்டின் பூச்சில் படம் பதிந்த பழைய ஸ்லைடுகளுக்கு வரும் இயல்பான நோய் அது, படத்தின் நடுப்பகுதிக்குப் பரவவில்லை.

19, 20, 22 என்ற எண்கள் கொண்ட மூன்று ஸ்லைடுகளுக்குத்தான் இந்தப் பெட்டியில் உண்மையான விலை. சீட்டில் “எஸ்கிமோ கிராமம், நோம்” என்று இருக்கிறது, கடைக்காரரும் அதையே நகலெடுத்திருக்கிறார். அது கிராமமல்ல. படத்தில் கடற்கரை மணலில் நீண்ட தோல்படகுகள் பக்கவாட்டில் சாய்த்து முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. அவற்றின் அடியில் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பெரிங் கடலில் செங்குத்தான பாறைத் தீவான உகியுவாக்கிலிருந்து, ஆங்கிலத்தில் கிங் ஐலண்ட், அலாஸ்காவின் பூர்வகுடிகளான இனுப்பியாட் மக்கள் கோடைதோறும் இப்படித்தான் நோமுக்கு வந்து, வந்த படகையே கூரையாக்கித் தங்கி, வால்ரஸ் என்ற பெரிய கடல்விலங்கின் தந்தத்தில் செதுக்கிய பொருள்களை விற்றுவிட்டு, குளிர்காலத்துக்கு முன் தீவுக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய ஊரில் வீடுகள் பாறைச் சரிவில் கம்பங்கள்மேல் நின்றன. 1959இல் தீவின் பள்ளிக்கூடம் மூடப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் எல்லோரும் நோமிலேயே குடியேற வேண்டிவந்தது. கோடைக்கு வந்த விருந்தாளிகளை நிரந்தர ஊராகப் படித்த சீட்டு அது.

படகு உமியாக் எனப்படும். மரச்சட்டத்தின் மேல் வால்ரஸ் தோலை இரண்டாகப் பிளந்து இழுத்துத் தைத்தது. 20ஆவது ஸ்லைடில் சூரியன் படகுக்குப் பின்னால் இருக்கிறது. தோல் முழுக்க எண்ணெய்க் காகிதம் போல் ஒளிர்கிறது, சட்டத்தின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிகின்றன. அதன் முன்னால் ஒரு முதியவர் வால்ரஸ் குடலைப் பட்டை பட்டையாகத் தைத்துச் செய்த மழைச்சட்டையை அணிந்து நிற்கிறார், அதுவும் அதே போல் ஒளிர்கிறது. வண்ணம் தீட்டுபவர் இந்த ஒரு கண்ணாடியைத் தொடாமல் விட்டதற்கு அவருக்கு நன்றி. ஒளியைத் தாங்கும் தோலை, ஒளியைத் தாங்கும் கண்ணாடியில் பார்க்கிறோம். காகிதத்தில் இதே படத்தை நான் பார்த்ததுண்டு, அதில் படகு வெறும் சாம்பல் நிறச் சுவர்.

22இல் ஒரு சிறுவன் வால்ரஸ் தந்தத்தை முழங்காலுக்கிடையே இறுக்கி அராவிக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் விற்பனைக்காகப் பரப்பிய பொருள்கள். நோமின் தந்தச் செதுக்குக்காரர்களில் பெரும்புகழ் பெற்றவர் ஆங்கோக்வாஸுக். வெள்ளைக்காரர்கள் அவரை “ஹாப்பி ஜாக்” என்றார்கள். புகைப்படத்தைப் பார்த்து அதை அப்படியே தந்தத்தில் ஊசிமுனைக் கோடுகளாக இறக்கும் திறமை அவருக்கு இருந்தது. 1918இன் ஃப்ளூ காய்ச்சலில் இறந்தார். புகைப்படக்காரர்கள் இவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இவர்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் புகைப்படத்தைக் கையில் எடுத்து வேறொன்றாக்கிக்கொண்டிருந்தார் என்பது நான் இந்தப் பெட்டியை வைத்துப் படிக்கத் தொடங்கிய பிறகு தெரிந்துகொண்டது. என் ஸ்லைடில் உள்ள சிறுவனுக்கும் முதியவருக்கும் பெயர் எழுதப்படவில்லை. நாய்வண்டிப் படத்தில் முன்னால் ஓடும் நாயின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

மீதமுள்ளவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். பனி உடைந்த பின் முதல் கப்பலைப் பார்க்கக் கரையில் திரண்ட ஊர். அக்டோபர், நவம்பரில் கடல் உறைந்தால் அடுத்த ஜூன் வரை கப்பல் வராது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த முகங்களின் மலர்ச்சி புரியும். சுரங்க முதலாளி சார்லஸ் லேன் 1900இல் தூந்திராவின் மேல் போட்ட குறுகிய இருப்புப்பாதை. தண்டவாளத்தின் மேல் நாய்கள் இழுக்கும் ஒரு தள்ளுவண்டி. இரண்டு குழுப்படங்களில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை, படமும் மங்கல். ரெயின்டீர் எனும் பனிமான் மந்தை ஒன்று, தூரத்தில் எறும்புச் சாரை போல. ஊரின் மையப் பகுதி 1934 செப்டம்பர் தீயில் பெரும்பாலும் எரிந்துபோனதால், சாதாரணத் தெருப்படங்களுக்கும் இன்று ஒரு மதிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நோமைப் பார்த்தால் போதும் என்றால் காசு செலவழிக்காதீர்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக நூலகம் நோவெலின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, அலாஸ்காவின் பொது ஆவணத் தொகுப்புகளிலும் நிறைய உண்டு. கண்ணாடியைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பவர்கள் மட்டும் வாங்குங்கள். வாங்குமுன் நாடாவும் சீட்டும் தெரியும்படி முழு ஸ்லைடின் படத்தைக் கேளுங்கள், வண்ணம் உள்ளவை எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள், நிறுத்திவைத்துக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். அசல் கண்ணாடியைப் பழைய விளக்கில் போட்டுக் காட்டும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். சூட்டில் ஜெலட்டின் உரிந்துவிடும். நான் நாடாவோடு சேர்த்து மறுபடி ஸ்கேன் செய்து, அந்தப் பிரதியைத்தான் நண்பர்களுக்குத் திரையில் காட்டினேன். ஸ்லைடுகளை அமிலமற்ற காகித உறைகளில் போட்டு, உறையின்மேல் பென்சிலால் புதிய விளக்கம் எழுதியிருக்கிறேன்; பழைய சீட்டுகளைக் கிழிக்கவில்லை.

420 டாலர் அதிகம். மூன்று உகியுவாக் ஸ்லைடுகளுக்கும் எண் 8க்கும் 200 கொடுக்கலாம், மற்ற இருபதுக்கும் சேர்த்து 100. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அரை நட்சத்திரம் 20ஆவது கண்ணாடிக்காக. ஆண்டு தவறு என்பதைத் தேவாலயத்தைக் காட்டிக் கடைக்காரருக்கு விளக்கமாக எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் போட்டார். சென்ற வாரம் இதே சொற்பொழிவாளரின் கையெழுத்தில் எண்ணிட்ட இன்னொரு பெட்டி அவருடைய பக்கத்தில் வந்திருக்கிறது, பதினாறு ஸ்லைடுகள், “நோம், 1899”, விலை 390. படத்தில் எண் 21 தெரிகிறது. இந்த முறை நாடாவோடு படம் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.